உஷார்! பூஜைக்கு வாங்கும் அரளி பிள்ளை வாய்க்குப் போய்விடக் கூடாது

தவழும் குழந்தை இருக்கும் வீட்டுப் பால்கனியில் செவ்வரளித் தொட்டி இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். முதலில் எழுந்துபோய் அந்தத் தொட்டியைக் குழந்தைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் பூ, காய்ந்த இலை, ஒடிந்த குச்சி எல்லாவற்றையும் பெருக்கி ஒரு பையில் கட்டிப் போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள்.

வீணாகப் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரல் கடைசியில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் ஓர் இளம்பெண், போனில் பேசிக்கொண்டே கைக்கு எட்டிய அரளி இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றதாகச் செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் வாந்தி, பிறகு மயக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. அரளி விஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். அதே சமயத்தில் பத்தனம்திட்டை மாவட்டம் அடூர்ப் பக்கம் அரளித் தழை தின்ற பசுவும் கன்றும் செத்துப்போயின. அடுத்த மே மாதமே திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தன. இரண்டு போர்டுகளின் கீழும் சேர்த்து 2,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. திருவிதாங்கூர் போர்டு பூஜைக்கு அரளியைத் தடுக்கவில்லை. பக்தர் கைக்கும் வாய்க்கும் போகும் எதிலும் அது கூடாது, துளசி, தெச்சி, ரோஜா போதும் என்றார்கள்.

அந்தச் செய்தி நம் மும்பைத் தமிழர் வீடுகளில் இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் சுற்றியதோடு சரி. அதே அரளி இன்றைக்கும் நம் பூஜைத் தட்டில் இருக்கிறது, சொஸைட்டி வாசலில் வேலியாக நிற்கிறது, நெடுஞ்சாலைத் தடுப்பில் வரிசையாகப் பூத்திருக்கிறது.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே இறங்கிப் பூக்கடைகள் பக்கம் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பந்து, தாமரை மொக்கு, துளசி மாலை. பக்கத்திலேயே கூறு கட்டி வைத்த செவ்வரளி மொக்கு. நாரில் இரண்டு இரண்டாக வைத்துச் சுருக்குப் போடும் அந்த விரல்கள் பார்க்காமலே வேலை செய்யும். காம்பைக் கிள்ளுகிற இடத்தில் பிசுபிசுவென்று கசிவதை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த மொக்கை எடுப்பார்கள். தொட்டவுடன் ஒன்றும் ஆகாது, அதனால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதே கையால் கண்ணைக் கசக்கினாலும், வாயில் வைத்தாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு பிஸ்கட்டைப் பிட்டுக் கொடுத்தாலும் ஆபத்துதான்.

ஊரில் இருந்தவரைக்கும் யாரும் நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததில்லை. தாராவித் தமிழர்களில் பலருக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வேர். அங்கே எந்த ஆச்சியைக் கேட்டாலும் அரளி என்றதும் முகம் மாறும். வேலி ஓரம், கிணற்று மேடு, கோயில் நந்தவனம் என்று அது மனிதர் புழங்கும் இடத்தைவிட்டுத் தள்ளியே நிற்கும். "ஏல, அதப் போய்த் தொடுதியே, கையக் கழுவுல" என்று ஒரு அதட்டல் எப்போதும் பின்னாலிருந்து வரும். இங்கே பிள்ளைகள் மூன்றாம் தலைமுறை. பத்துக்குப் பத்து அறையில், கட்டில் காலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பி வைத்த செடி. அதட்ட ஆச்சி இல்லை, அந்தச் செடியின் பெயரும் பிள்ளைக்குத் தெரியாது. நர்சரிக்காரர் "கனேர் ஹை, பானி கம் லகேகா, ஃபூல் பாரா மஹினா" என்று சொல்லி விற்றுவிட்டார். தண்ணீர் குறைவாகப் போதும், வருஷம் முழுக்கப் பூக்கும் என்பது உண்மைதான். மீதி உண்மையை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அந்த மீதி உண்மை இது. செவ்வரளியின் இலை, பூ, காம்பு, பட்டை, வேர், விதை என எதையும் விடாமல் எல்லா இடத்திலும் ஓலியாண்ட்ரின் என்ற நஞ்சும் அதன் உறவுகளும் இருக்கின்றன. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற ஒரு பம்ப் ஓயாமல் வேலை செய்கிறது. அரளி நஞ்சு அந்தப் பம்பைப் பிடித்து நிறுத்துகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், துடிப்பு தாறுமாறாகும், சில சமயம் மிக மெதுவாகிப்போகும். முதலில் வெளியே தெரிவது வாய் மரப்பு, வயிற்று வலி, வாந்தி. வீட்டில் "நேத்து சாப்பிட்ட பாவ்பாஜி ஒத்துக்கலை" என்று நினைப்போம். உள்ளே இதயம் தடம் மாறிக்கொண்டிருக்கும்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. இதயக் கோளாறுக்குச் சிலர் சாப்பிடும் டிஜாக்சின் மாத்திரையும் இதே வகை மருந்துதான். 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிவைத்த டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து வந்த வழி அது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு, அதனால்தான் டாக்டர்கள் ரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்க்கிறார்கள். டிஜாக்சின் சாப்பிடும் தாத்தா, மூட்டு வலிக்கு யாரோ சொன்னார்கள் என்று அரளிக் கஷாயம் குடித்தால் இரண்டும் சேர்ந்து இதயத்தின் மேல் பாயும். காய்ச்சினால் விஷம் போய்விடும் என்பதும், காயவைத்தால் போய்விடும் என்பதும் பொய். காய்ந்த தழை இன்னும் மோசம், கசப்பு குறைவதால் ஆடுமாடு தயங்காமல் தின்னும். எரித்தால் புகையிலும் நஞ்சு இருக்கும். போகிக்கும் ஹோலிக்கும் கழித்துப் போட்ட அரளிக் குச்சிகளைக் கொளுத்தாதீர்கள்.

செவ்வரளியைவிட மஞ்சள் அரளியை நினைத்துத்தான் எனக்கு அதிக பயம். பொன்னரளி என்றும் சொல்வோம், இலங்கைத் தமிழர் அலரி என்பார்கள், மராத்தியில் பிவளா கண்ஹேர் அல்லது பிட்டி. மெக்சிகோ, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம், இன்று சிவன் கோயில் இல்லாத ஊரிலும் இருக்கிறது. செம்பூரின் பழைய காலனிகளில் மதில் ஓரமாக ஓங்கி நிற்கும். புனல் மாதிரி மஞ்சள் பூ, அடியில் பச்சைக் காய். காயை உரித்தால் முக்கோண வடிவில் மழமழவென்று ஒரு கொட்டை. குழந்தைகள் அந்தக் கொட்டையைக் கண்டால் விடாது, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும், விளையாடும், கடிக்கும். மேல்நாடுகளில் அதை அதிர்ஷ்டக் கொட்டை என்று கழுத்தில் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. மரத்தின் மற்றப் பாகங்களைவிட விஷம் செறிந்து கிடப்பது அந்தக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில்தான். கீழே விழுந்து கிடக்கும் கொட்டையை ஒவ்வொரு வாரமும் பொறுக்கி அப்புறப்படுத்துவது சொஸைட்டி செக்ரட்டரியின் வேலையாகவே இருக்க வேண்டும்.

இலங்கையில் வட பகுதி முழுக்க வேலிக்கு வேலி இந்த மரம்தான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அலரி நஞ்சோடு அங்கே மருத்துவமனைக்கு வந்தார்கள். அதனால் அலரி விஷத்துக்கு வைத்தியம் எப்படிச் செய்வது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இலங்கை மருத்துவர்கள். ஆட்டின் உடலில் உருவாக்கிய எதிர்ப்பொருளிலிருந்து எடுத்த டிஜாக்சின் முறிமருந்து இந்த நஞ்சுக்கும் வேலை செய்கிறது என்று அங்கே நடந்த ஆய்வு 2000-இல் 'லான்செட்' இதழில் வந்தது. மருந்து இருந்தது, வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அது கிடைக்காமல் போனதால் நேர்ந்த மரணங்களைப் பற்றி 2003-இல் அதே இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. நம் நாட்டிலும் அந்த மருந்து சாதாரணமாகக் கைக்குக் கிடைப்பதில்லை. மும்பையில் ஐந்து நட்சத்திர ஆஸ்பத்திரி இருக்கிறது, எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இந்த விஷயத்தில் வேண்டாம்.

உடம்பு இளைக்க ஆன்லைனில் விதை, வேர், மாத்திரை என்று வாங்குகிறவர்களும் கேளுங்கள். 2023-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தெஹோகோத்தே வேர் என்ற பெயரில் எடை குறைக்க விற்ற பொருள்களைச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது உண்மையில் மஞ்சள் அரளி. பெரிய பெரிய ஆன்லைன் கடைகளில் விற்ற சரக்கு அது. செம்பூரில் ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

இனி எருக்கு. சனிக்கிழமை வந்தால் மாருதி கோயில் வாசலில் எருக்கமாலை மலை மலையாகக் குவியும், மராத்தியில் ருயி. விநாயகருக்கும் எருக்கம்பூதான் உகந்தது. எருக்கம்பால் தோலில் பட்டால் எரியும், கொப்புளிக்கும், இது தெரிந்ததுதான். கண்ணில் பட்டால் நடப்பதுதான் பயங்கரம். பச்சை மிளகாய் பட்டால் துடித்துப்போய் உடனே கழுவுவோம். எருக்கம்பாலில் உணர்வை மரத்துப்போக வைக்கிற தன்மை இருப்பதால், பட்டபின் பலருக்கு வலியே இருக்காது. வலி இல்லை என்று சும்மா இருப்பார்கள். சில மணி நேரத்தில் கண் பனி மூடினாற்போல் மங்கும், வெளிச்சம் பட்டால் கூசும். கருவிழி நீர் கோத்து வீங்கியிருக்கும், அதன் உள்பக்கத்துச் செல்கள் சேதமாகியிருக்கும். நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் இப்படிப் பல நோயாளிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள், பூப்பறித்தவர்களும் மாலை கட்டியவர்களும் அதில் உண்டு. உடனே வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பார்வை திரும்பியிருக்கிறது. ஆகவே எருக்கைக் கையாளும்போது கண்ணில் ஏதோ பட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்து இமையைப் பிரித்துப் பிடித்து 15, 20 நிமிஷம் விடாமல் கழுவுங்கள். கழுவிய கையோடு கண் டாக்டரிடம் போங்கள். பன்னீர், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். எருக்கிலையைப் பாதத்தில் வைத்து சாக்ஸ் போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கும் என்று ஒரு வீடியோ பல வருஷமாகச் சுற்றுகிறது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் கொப்புளம் வந்தால் என்ன ஆகும் என்று அந்த வீடியோவில் பேசுகிறவர் சொல்வதில்லை.

இதே ஆபத்து மொட்டை மாடியில் பலர் ஆசையாக வளர்க்கும் திருகுகள்ளியிலும், முள்ளோடு சிவப்புப் பூ பூக்கும் யூஃபோர்பியாவிலும் உண்டு. கிளையை ஒடிக்கும்போது பால் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு வெட்டுங்கள்.

விநாயகர் சதுர்த்தி வந்தால் இப்படிப்பட்ட செடிகள் மூன்று ஒரே கட்டில் வீட்டுக்குள் வந்துவிடும். 21 பத்திரம் என்று இலைக்கட்டு வாங்குகிறோமே, அதில் எருக்கு, அரளி, ஊமத்தை மூன்றும் உண்டு. வழிபாட்டில் குறை சொல்லவில்லை. கடித்துப் பார்க்கக் கூடாத இலைகளைக் கடவுளிடம் ஒப்படைக்கிறோம், அவ்வளவே. ஆனால் மும்பை வீட்டில் பிள்ளையார் உட்காருவது தரையில் போட்ட பலகையில். பத்திரக் கட்டு பிரிந்து சுற்றிலும் கிடக்கும். அதன் பக்கத்தில் கொழுக்கட்டை, அவல், மோதகம். ஒன்றரை நாள், ஐந்து நாள் என்று வைத்திருக்கும்போது குழந்தை கைக்கு எது போகிறது என்று யார் பார்ப்பது? அர்ச்சனைத் தட்டு வேறு, நைவேத்தியத் தட்டு வேறு என்று முதல் நாளே பிரித்து வையுங்கள். பஞ்சபாத்திரத் தீர்த்தத்தில் அரளிப்பூவை மிதக்க விடாதீர்கள், அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கிறோம். கலசத்துக்கு மாவிலை போதும். பொங்கல் மேல் ஒரு செவ்வரளி இதழ் விழுந்து கிடந்தால் எல்லாரும் செத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பிரசாதத்தில் கிடக்கும் பூ தின்னலாம் போலிருக்கிறது என்று மூன்று வயதுக் குழந்தை ஒருமுறை பழகிவிட்டால், அடுத்த தடவை அது இலையைத் தின்னும், காயைத் தின்னும்.

மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம், பஜன சமாஜம், செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில், தாராவி விநாயகர் கோயில் என்று நமக்கு இத்தனை கோயில்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் கமிட்டியில் இருக்கும் பெரியவர்களிடம் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேரளத்தில் செய்ததை நாமும் செய்வோம். முருகனுக்குச் செவ்வரளி மாலை போடட்டும், விபூதி குங்குமத்தோடு கையில் கொடுக்கும் பூ மட்டும் துளசியாகவோ மல்லியாகவோ இருக்கட்டும். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பூஜை முடிந்த நிர்மால்யத்தையும் கவனியுங்கள். கோயில் வாசலில் பசுவைக் கட்டி வைத்துப் புல் விற்பார்கள் இல்லையா, அங்கே பழைய மாலையையும் புண்ணியம் என்று போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் அரளி இருந்தால் அது புண்ணியமா? பக்ரீத் சமயத்தில் தாராவிச் சந்துகளில் ஆடுகள் கட்டியிருக்கும்போது குப்பைமேட்டில் அரளி மாலையை எறிந்தால் ஓர் ஏழையின் ஒரு வருஷச் சேமிப்பு ராத்திரியோடு போகும். மாநகராட்சி வைக்கும் நிர்மால்யத் தொட்டியில் போடுங்கள்.

ஊமத்தைக்கு வருகிறேன். மகா சிவராத்திரிக்கு அதன் முள்காயும் வெள்ளைப் பூவும் தாதர் மார்க்கெட்டில் விற்கும். அதன் நெருங்கிய சொந்தமான புருக்மான்சியா, தலைகீழாகத் தொங்கும் பெரிய பூவோடு, அலங்காரச் செடியாக நர்சரியில் கிடைக்கிறது. இரண்டிலும் அட்ரோபின், ஸ்கோபோலமின். தின்ற குழந்தைக்கு வாய் வறளும், முகம் சிவக்கும், காய்ச்சல் அடிக்கும், கண்ணின் பாப்பா விரிந்து கருகருவென்று தெரியும், இல்லாததைப் பிடிக்கப் போகும், சம்பந்தமில்லாமல் பேசும். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பட்டணத்திலும் இருக்கிறார்கள். போகும் நேரம்தான் உயிர் போகும் நேரம். 2020 ஏப்ரலில், கொரோனாவுக்கு மருந்து என்று டிக்டாக்கில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் ஊமத்தையை அரைத்துக் குடித்த இரண்டு குடும்பத்தார் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் அரளியின் ஓலியாண்ட்ரினையே கொரோனா மருந்தாக விற்கச் செல்வாக்குள்ளவர்கள் சிலர் கிளம்பினார்கள். அதை உணவுச் சத்துப்பொருளாக விற்க அந்நாட்டு எஃப்.டி.ஏ. ஒப்புக்கொள்ளவில்லை. படித்தவர், படிக்காதவர் என்று இதில் வித்தியாசம் ஏதும் இல்லை.

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள் என்று பெருமையோடு கிழங்கு வரவழைத்துத் தொட்டியில் நடுகிறவர்களும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் சிவப்பும் மஞ்சளுமாக அது பூக்கும் அழகுக்கு ஈடில்லை, மும்பையைச் சுற்றிய காடுகளிலும் அது தானாகவே முளைக்கும். செடி முழுக்க, அதிலும் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின். மூலனூர், தாராபுரம் பக்கம் விவசாயிகள் அந்த விதைக்காகவே கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்கள், மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. கிழங்கு பார்க்க வள்ளிக்கிழங்கு மாதிரியே இருப்பதால் தப்பாகச் சமைத்துத் தின்றவர்கள் இலங்கையில் உண்டு. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். நின்றதும் நல்லாகிவிட்டது என்று தோன்றும். அப்புறம் எலும்பு மஜ்ஜை அடிவாங்கி ரத்த அணுக்கள் இறங்கும், கொத்துக் கொத்தாக முடி கொட்டும். செங்காந்தளை மாடியில் வளர்க்கலாம், சமையலறை ஜன்னலில் வேண்டாம். கிழங்கை வெங்காயக் கூடையில் போட்டு வைக்கவே கூடாது.

தண்ணீர் அதிகம் ஊற்ற நேரமில்லாத பால்கனிக்காரர்களின் செல்லம் அடீனியம். தடித்த அடித்தண்டு, மேலே ரோஜா நிறப் பூ. அதுவும் அரளிக் குடும்பம்தான். ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவிய நஞ்சு இதன் பாலிலிருந்து எடுத்தது. டீஃபன்பேக்கியா, ஆந்தூரியம், பீஸ் லில்லி மூன்றும் உயிரை வாங்குவது அரிது. ஆனால் இலையைக் கடித்தால் ஊசி ஊசியாக கால்சியம் ஆக்சலேட் குத்தி நாக்கும் தொண்டையும் வீங்கும், மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிதான். காட்டாமணக்கின் சிவப்புப் பூ ஜாதியையும் இப்போது அழகுக்கு வைக்கிறார்கள். கடலைப் பருப்பு என்று நினைத்துக் காட்டாமணக்கு விதையைத் தின்று பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வாந்தி எடுத்த செய்தி மகாராஷ்டிராவில் அடிக்கடி வரும்.

பூனை வளர்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்யாண ரிசப்ஷனில் கிடைத்த லில்லி பூங்கொத்தை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். ஏஷியாடிக், ஓரியன்டல் என்று விற்கும் அசல் லில்லியின் இதழோ இலையோ வேண்டாம், மகரந்தப் பொடி உடம்பில் ஒட்டி அதைப் பூனை நக்கினாலே போதும். ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். நக்கியது தெரிந்த அன்றைக்கே பரேலில் உள்ள பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் கால்நடை மருத்துவமனை போன்ற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்றால் பூனை பிழைக்காது.

இத்தனையும் படித்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். மும்பையில் மரம் வெட்ட 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநகராட்சி மர ஆணையத்தின் அனுமதி வேண்டும், பொன்னரளி மரத்துக்கும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சாலை நடுவில் செவ்வரளி நிற்பதற்கும் காரணம் உண்டு. புகையையும் வெயிலையும் தாங்கும், மாடு மேயாது. அங்கே அது இருக்கட்டும். பிள்ளைகள் விளையாடும் இடம், பால்வாடி வாசல், பள்ளி மைதானம், வீட்டுக்குள் இருக்கும் தொட்டி, இந்த நான்கு இடத்தில் வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை. அங்கெல்லாம் செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லி, ரோஜா வைக்கலாம். சாமிக்கும் ஆகும், பிள்ளை வாயில் போட்டாலும் பதற வேண்டாம். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் தாராவியிலேயே இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். குப்பை கொட்டிக் கிடந்த இடம் அது, 1994-இல் காடாகத் திறந்தார்கள். செடிகளைக் காட்டி இது இன்னது, இது ஆகாது என்று சொல்லிக்கொடுக்க அதைவிடப் பக்கத்தில் இடம் கிடையாது.

தப்பித் தவறி யாராவது தின்றுவிட்டால் என்ன செய்வது? வாயில் மிச்சம் இருப்பதை விரலால் வழித்து எடுங்கள், வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கிய நிலையில் அது மூச்சுக்குழலுக்குள் போய் இன்னொரு ஆபத்து ஆகும். பால், மோர், முட்டை எதுவும் இதற்கு முறிவு இல்லை. தின்ற செடியின் ஒரு கிளையை இலை, பூ, காயோடு ஒடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், போனில் படமும் எடுங்கள். டாக்டரிடம் அரளி என்று சொன்னால் புரியாமல் போகலாம், கனேர் அல்லது கண்ஹேர் என்று சொல்லுங்கள். எருக்கு என்றால் ருயி, ஊமத்தை என்றால் தோத்ரா, செங்காந்தள் என்றால் களலாவி. 108-ஐக் கூப்பிடுங்கள். தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரியும், செம்பூர்க்காரர்களுக்கு காட்கோபர் ராஜாவாடியும் பக்கம். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117, இதை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். நீங்களும் கூப்பிடலாம், சிகிச்சை தரும் டாக்டரும் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

அரளி என்று தெரிந்தால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி நின்று குழந்தை சிரிக்க ஆரம்பித்துவிட்டது, படுக்கைக்கு எதற்கு வீண் செலவு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். வந்தபோது நன்றாக இருந்தவர்களுக்கும் பல மணி நேரம் கழித்து, சிலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில்கூட, துடிப்பு தவறியிருக்கிறது. டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை அந்த மானிட்டர் வயரைக் கழற்ற விடாதீர்கள்.